தத்து குடுத்த பிள்ளை பெத்தவங்க வீட்டுக்கே வந்துட்டா சட்டப்படி என்ன செய்யணும், என்ன செய்யக்கூடாது

பிள்ளை இல்லாத அண்ணனுக்கோ நாத்தனாருக்கோ கைக்குழந்தையா தத்து குடுத்த பையன், 15, 16 வயசுல ஒரு நாள் ஸ்கூல் பேக்கோட பெத்த அம்மா வீட்டு வாசல்ல வந்து நிப்பான், இனிமே இங்கதான் இருப்பேன்னு சொல்லுவான். பொண்ணுங்களும் வருவாங்க. வளர்த்த வீட்ல அடி தாங்கல, இல்ல அந்த வீட்ல அப்புறமா சொந்தக் குழந்தை பொறந்து இவனை கண்டுக்கிறது இல்ல, இல்ல வளர்த்த அப்பா இறந்துட்டார், இல்ல யாரோ கல்யாண வீட்ல வாய் தவறி "நீ அவங்க பெத்த பிள்ளை இல்லடா"ன்னு சொல்லித் தொலைச்சுட்டாங்க. காரணம் எதுவா இருந்தாலும் மறுநாள் காலைல ரெண்டு குடும்பமும் ஆளுக்கொரு வக்கீலைத் தேடும். நான் இருக்கிறது ஒரு வக்கீல் ஆபீஸ்ல, வர்றவங்ககிட்ட முதல்ல பேப்பரை வாங்கிப் பார்க்கிற வேலை என்னோடது, அவங்க திரும்பத் திரும்ப கேட்கிறதை வச்சுதான் இதை எழுதுறேன். எல்லாமே தமிழ்நாட்டு நிலவரம், இந்தியச் சட்டம்.

எல்லாரும் முதல்ல கேட்கிறது "தத்தை கேன்சல் பண்ணி ஒரு பத்திரம் போட்டுக் குடுங்க சார்". அது முடியாதுங்க. இந்துக்களுக்கான தத்து, ஜீவனாம்ச சட்டம்னு 1956-ல வந்தது இருக்கு, அதுல 15-வது பிரிவு ரெண்டே வரிதான். சட்டப்படி செல்லுபடியாகிற தத்தை வளர்த்த அப்பா அம்மா ரத்து பண்ண முடியாது, வேற யாரும் பண்ண முடியாது, தத்துப் போன பிள்ளையே இந்த உறவு வேணாம்னு உதறிட்டு பொறந்த குடும்பத்துக்கு மகனா திரும்பவும் முடியாது. ரெண்டு பக்கமும் மனசு ஒத்து கையெழுத்து போட்டாலும் இதேதான். சில ஊர்ல பஞ்சாயத்துல உட்கார்ந்து "தத்து ரத்துப் பத்திரம்"னு எழுதி, நோட்டரி சீல் குத்தி, லேமினேட் வேற பண்ணி கொண்டு வருவாங்க, அதுக்கு கோர்ட்ல ஒரு மதிப்பும் கிடையாது.

சரி, அப்ப நாங்களே திரும்ப தத்து எடுத்துக்கிறோம்னு அடுத்து கேட்பாங்க. அதுவும் நடக்காது, ஏற்கனவே தத்துப் போன பிள்ளையை இன்னொரு தடவை தத்து குடுக்க முடியாதுன்னு 10-வது பிரிவு சொல்லுது, போதாததுக்கு 15 வயசு முடிஞ்ச பிள்ளையை தத்தே எடுக்க முடியாது (சமூக வழக்கம் இருக்குன்னு நிரூபிச்சா ஒழிய).

ஆனா பிள்ளை யாருக்கு மகன்ங்கிறது ஒரு கேள்வி, பிள்ளை எந்த வீட்ல சாப்பிட்டு தூங்கி ஸ்கூலுக்குப் போகணும்ங்கிறது வேற கேள்வி. முதல் கேள்வியை சட்டம் பூட்டி வச்சிருக்கு, ரெண்டாவதை பூட்டல. அந்த ரெண்டாவதுல மட்டும் கவனம் வச்சவங்க ஆறு மாசத்துல ஒரு வழிக்கு வந்துடுவாங்க, முதலாவதை உடைக்கப் போறவங்க பிள்ளைக்கு மீசை நரைக்கிற வரைக்கும் கோர்ட்டுக்கு அலைவாங்க, இது என் அபிப்பிராயம்.

முதல்ல எந்த மாதிரி தத்துன்னு பாருங்க

தமிழ்நாட்ல நான் பார்க்கிறது பெரும்பாலும் மூணு விதம். ஒண்ணு, சொந்தத்துக்குள்ள பத்திரம் எழுதி குடுத்தது. ரெண்டு, காரா வழியா, அதாவது அரசாங்க தத்து மையம் மூலமா முன்பின் தெரியாத குடும்பத்துக்குப் போனது. மூணு, பத்திரமும் இல்ல ஆர்டரும் இல்ல, தூக்கிக் குடுத்தாங்க வளர்த்தாங்க அவ்வளவுதான்.

சொந்தத்துக்குள்ள குடுத்த பத்திரத்தை பீரோல இருந்து எடுத்து ஒரு தடவை முழுசா படிங்க, முக்காவாசி பேர் கையெழுத்து போட்ட நாளுக்கப்புறம் அதைப் பிரிச்சதே இல்ல. 20 ரூபா ஸ்டாம்ப் பேப்பர், ஓரத்துல கைரேகை, நடுவுல "குழந்தையை உமது மடியில் வைத்து மனப்பூர்வமாகத் தத்துக் கொடுத்தோம், தாங்களும் மகிழ்ச்சியுடன் பெற்றுக்கொண்டீர்கள்"ங்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். அலங்காரத்துக்கு எழுதின வரி இல்ல அது, நேர்ல குடுக்கவும் வாங்கவும் செஞ்சிருக்கணும்ங்கிறது 11-வது பிரிவுல இருக்கிற நிபந்தனை, தத்த ஹோமம் பண்ணலைன்னா பரவாயில்ல, குடுத்து வாங்கினது இல்லைன்னா தத்தே இல்ல. பெத்த அப்பா அம்மா ரெண்டு பேர் சம்மதமும் இருக்கா, எடுத்தவரோட மனைவி சம்மதம் இருக்கா, அன்னைக்கு பிள்ளைக்கு 15 முடியாம இருந்துச்சா, பையனை எடுத்திருந்தா அந்த வீட்ல அப்ப வேற மகனோ மகன் வழிப் பேரனோ இல்லாம இருந்துச்சா, ஆம்பளை ஒரு பெண் குழந்தையை எடுத்திருந்தாலோ பொம்பளை ஒரு ஆண் குழந்தையை எடுத்திருந்தாலோ 21 வயசு வித்தியாசம் இருக்கா, இதெல்லாம் பாருங்க. ரெண்டு தரப்பும் கையெழுத்து போட்டு ரிஜிஸ்டர் ஆன பத்திரம்னா, தத்து ஒழுங்காத்தான் நடந்துச்சுன்னு கோர்ட் எடுத்த எடுப்புலயே நம்பும் (16-வது பிரிவு), இல்லைன்னு சொல்றவங்கதான் நிரூபிக்கணும்.

ஓட்டை ஏதாவது கிடைச்சா "தத்து செல்லாது"ன்னு கேஸ் போடலாம்தான், அதுக்கும் காலக்கெடு உண்டு, தத்து விஷயம் தெரிஞ்ச நாள்லேர்ந்து 3 வருஷம். குடுத்தவங்களுக்கு குடுத்த அன்னைக்கே தெரியுமே, அப்ப அவங்க காலம் எப்பவோ முடிஞ்சுபோச்சு. காலக்கெடு தாண்டலைன்னே வச்சுக்குவோம், அந்தக் கேஸ்ல ஜெயிச்சா யாருக்கு லாபம்னு யோசிங்க. பிள்ளை வளர்த்த வீட்டு சொத்துல இருக்கிற உரிமையை இழக்கும், 10-ம் வகுப்பு மார்க் ஷீட் வரைக்கும் எல்லா பேப்பர்லயும் இருக்கிற அப்பா பேர் பொய்யாகும். 2020-ல வனஜா எதிர் சரளா தேவின்னு ஒரு வழக்குல உச்ச நீதிமன்றம், மகளாவே வளர்த்ததுக்கு ஸ்கூல் ரெக்கார்டெல்லாம் காட்டியும், மனைவி சம்மதமும் குடுத்து வாங்கினதும் நிரூபணம் ஆகலைன்னு சொல்லி தத்தை ஏத்துக்கல. வளர்ந்த பொம்பளை, இத்தனை வருஷம் மகள்னு இருந்துட்டு ஒண்ணுமில்லாம நின்னாங்க. கோபத்துல ஓட்டை தேடுறவங்க அதை ஞாபகம் வச்சுக்கிட்டா நல்லது.

மூணாவது வகை, வெறும் வளர்ப்பு, அங்க நிலைமை தலைகீழ். தத்தே நடக்கலைன்னா பெத்தவங்கதான் இன்னும் சட்டப்படி கார்டியன், பிள்ளை திரும்பி வந்தா அது தன் வீட்டுக்கு வந்தது. அதுக்காக வளர்த்தவங்களுக்கு பேசவே வழி இல்லைன்னு அர்த்தம் இல்ல, கஸ்டடி கேஸ்னு வந்தா பிள்ளையோட நலன்தான் எல்லாத்துக்கும் மேல, 14 வருஷம் சோறு போட்டவங்க பேச்சையும் கோர்ட் கேட்கும். இந்த வகைல இன்னொரு கண்ணிவெடி உண்டு, ஆஸ்பத்திரிலயே வளர்த்த அம்மா பேர்ல பிரசவம்னு எழுதி பர்த் சர்டிபிகேட் வாங்கியிருப்பாங்க, பணமும் கை மாறியிருக்கும். இளைஞர் நீதிச் சட்டத்துல குழந்தையை வித்தா வாங்கினா 5 வருஷம் வரைக்கும் கடுங்காவலும் 1 லட்ச ரூபா அபராதமும் இருக்கு. வக்கீல்கிட்ட இதை மறைக்காதீங்க, ஸ்டேஷன்ல போய் நீங்களா உளறவும் செய்யாதீங்க, முதல்ல வக்கீல் அப்புறம் மத்தவங்க.

பிள்ளை வந்து நின்ன அன்னைக்கு ராத்திரி

இங்கதான் பெத்தவங்க வசமா மாட்டிக்கிறாங்க. "நான் பெத்த பிள்ளை, என்கிட்ட இருக்கிறதுக்கு யார் கேஸ் போடுவா?"ன்னு கேட்பாங்க. போடலாம். தத்துப் போன அன்னைக்கே கார்டியன் உரிமை வளர்த்த அப்பாவுக்கும் அவருக்கப்புறம் வளர்த்த அம்மாவுக்கும் போயிடுச்சு, சட்டம் பார்க்கிற பார்வைல பெத்த அம்மா வெளி ஆள். 18 வயசு ஆகாத பிள்ளையை கார்டியன் சம்மதம் இல்லாம கூட்டிட்டுப் போனாலோ ஆசை காட்டி வரவழைச்சாலோ அது கடத்தல், ஐபிசிக்கு பதிலா 2024 ஜூலை 1-லேர்ந்து அமல்ல இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதால 137-வது பிரிவு, 7 வருஷம் வரைக்கும் தண்டனை. பழைய ஐபிசில பையனுக்கு 16, பொண்ணுக்கு 18னு இருந்துச்சு, இப்ப ரெண்டு பேருக்கும் 18 தான், அதனால "பையனுக்கு 16 தாண்டிடுச்சு, பிரச்னை இல்ல"ன்னு யாராவது பழைய ஞாபகத்துல சொன்னா நம்பாதீங்க.

பிள்ளை தானா வந்தா? அப்ப அது "கூட்டிட்டுப் போனது" ஆகாதுன்னு வாதாட இடம் இருக்கு. வரதராஜன் எதிர் மெட்ராஸ் மாநிலம்னு 1965-ல ரிப்போர்ட் ஆன உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இதுக்கு இன்னைக்கும் காட்டுற வழக்கு. 18 நெருங்கின காலேஜ் பொண்ணு, தானா முடிவெடுத்து வீட்டை விட்டு வந்து ஒருத்தர்கூட சேர்ந்துட்டாங்க, கூட வந்ததை தடுக்காம விட்டது வேற, தூண்டி கூட்டிட்டுப் போனது வேறன்னு கோர்ட் பிரிச்சுச்சு. ஆனா இது 13 வயசுப் பிள்ளைக்கு அப்படியே பொருந்தாது, அதோட உங்க போன்ல "வாடா கண்ணா, அங்க கஷ்டப்படாத, பஸ் ஏறி வந்துடு, அம்மா ஸ்டாண்டுக்கு வந்துடுறேன்"னு ஒரு வாய்ஸ் நோட் கிடந்தா தூண்டுதல் இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது.

அதனால அன்னைக்கே செய்ய வேண்டியது. வளர்த்த வீட்டுக்கு போன் போட்டு பிள்ளை இங்க பத்திரமா இருக்குன்னு சொல்லிடுங்க, அவங்க திட்டட்டும் பரவாயில்ல, போனை வச்சதும் அதையே நேரம் போட்டு வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜாவும் அனுப்புங்க, நாளைக்கு அதுதான் உங்களைக் காப்பாத்தும். மறுநாள் காலைல உங்க ஏரியா ஸ்டேஷன்ல, "இன்னாருக்கு நாங்க தத்துக் குடுத்த மகன் நேத்து இத்தனை மணிக்கு தானா வந்தான், இன்ன காரணம் சொல்றான், வளர்த்தவங்களுக்கு தகவல் சொல்லியாச்சு"ன்னு எழுதிக் குடுத்து சிஎஸ்ஆர் (மனுவை வாங்கிப் பதிவு பண்ணதுக்கான) ரசீது கேட்டு வாங்குங்க. கேஸ் இல்லாம எதுக்கு சிஎஸ்ஆர்னு ரைட்டர் சலிச்சுக்குவார், கடிதத்தோட ஜெராக்ஸ்ல ஒரு சீலும் தேதியுமாவது வாங்காம நகராதீங்க. செய்யவே கூடாதது, போனை ஆஃப் பண்ணிட்டு பிள்ளையை திருப்பூர்ல இருக்கிற மாமா வீட்டுக்கு அனுப்பி ஒளிச்சு வைக்கிறது. நல்ல எண்ணத்தோட செஞ்சாலும் அதுக்கப்புறம் கதை உங்க பக்கம் இருக்காது.

பிள்ளை உடம்புல காயம் இருக்கு, இல்ல வேற மாதிரி தொந்தரவு நடந்திருக்குன்னா வரிசை மாறும். முதல்ல குழந்தைகள் உதவி எண் 1098, அப்புறம் அரசு ஆஸ்பத்திரில காட்டி பதிவு பண்றது, அப்புறம் குழந்தைகள் நலக் குழு, வளர்த்தவங்களுக்கு தகவல் சொல்றதை அவங்க பார்த்துக்குவாங்க. பாலியல் தொந்தரவுன்னா போலீஸ்ல சொல்லாம மறைக்கிறதே போக்சோ சட்டத்துல (குழந்தைகளை பாலியல் குற்றங்கள்லேர்ந்து காக்கிற சட்டம்) குற்றம், குடும்ப மானம் போகும்னு உள்ளுக்குள்ளயே பேசி முடிக்க பார்க்காதீங்க.

வளர்த்தவங்களுக்கும் ஒரு வார்த்தை. நாலு பேரை சேர்த்துக்கிட்டு கார்ல போய் இழுத்துட்டு வர்ற வேலை வேணாம், அதே மாதிரி பெத்த அம்மா மேல கடத்தல்னு கதை கட்டி கம்ப்ளைண்ட் குடுக்கிறதும் வேணாம், காணலைன்னு மட்டும் குடுங்க. குழந்தை காணலைன்னா எஃப்ஐஆர் போட்டே ஆகணும்னு 2013-லயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு, அது போதும் உங்களுக்கு. பிள்ளை கிடைச்சதும் மாஜிஸ்ட்ரேட் முன்னாடியோ குழந்தைகள் நலக் குழு முன்னாடியோ பேசும், நீங்க எழுதின கடத்தல் கதைக்கு நேர் எதிரா பேசுச்சுன்னா அதுக்கப்புறம் கஸ்டடி கேஸ்ல உங்களை யாரும் நம்ப மாட்டாங்க.

குழந்தைகள் நலக் குழு ஒவ்வொரு மாவட்டத்துலயும் இருக்கு, அது கோர்ட் இல்ல ஆனா கிட்டத்தட்ட அந்த அதிகாரத்தோட உட்கார்றாங்க. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுற குழந்தையை 24 மணி நேரத்துக்குள்ள அவங்க முன்னாடி கொண்டு போகணும், பயண நேரம் தனி. அவங்க யாரு சட்டப்படி அப்பா அம்மான்னு தீர்ப்பு சொல்ல மாட்டாங்க, பிள்ளை இப்போதைக்கு எங்க இருக்கிறது பத்திரம்னு மட்டும் பார்ப்பாங்க, பெத்த அம்மாவையே "தகுதியான நபர்"னு அங்கீகரிச்சு அவங்ககிட்ட விடவும் வழி இருக்கு. இந்த ஒரு ஆர்டர் கைல இருந்தாலே பாதி பயம் போயிடும்.

கோர்ட்டுக்குப் போனா

ரெண்டு வீடும் பேசி ஒத்துப் போயிட்டா கோர்ட் கட்டாயம் இல்ல. வளர்த்தவங்க "எங்க மகன் இன்ன தேதிலேர்ந்து இன்னார் வீட்ல தங்கிப் படிக்க எங்களுக்கு முழு சம்மதம், ஸ்கூல், ஆஸ்பத்திரி விஷயத்துல எங்க சார்பா அவங்க கையெழுத்து போடலாம்"னு எழுதி கையெழுத்து போட்டுக் குடுத்தா அன்றாடம் ஓடிடும், கடத்தல் பேச்சும் வராது. ஆனா அந்த சம்மதத்தை அவங்க எப்ப வேணா திரும்ப எடுத்துக்கலாம்ங்கிறதை மறக்காதீங்க. இன்னும் நாலஞ்சு வருஷம் இருக்கிற பிள்ளைன்னா இதையே ஒரு சமரச மனுவா போட்டு, யார்கிட்ட இருக்கும், லீவுல எங்க போகும், ஃபீஸ் யார் கட்டுறதுன்னு எழுதி கோர்ட் ஆர்டரா வாங்கிக்கிறது புத்திசாலித்தனம்.

ஒத்துப் போகலைன்னா 1890-ம் வருஷ கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டம். எங்க போடணும்ங்கிறதுலயே முதல் சண்டை வரும், பிள்ளை வழக்கமா வசிக்கிற இடத்துல இருக்கிற குடும்ப நல நீதிமன்றம், அது இல்லாத இடத்துல மாவட்ட நீதிமன்றம். கோயம்புத்தூர்ல 14 வருஷம் வளர்ந்து போன வாரம்தான் திண்டுக்கல் வந்த பிள்ளைக்கு திண்டுக்கல்ல மனு போட்டா, இங்க ஏன் வந்தீங்கன்னுதான் முதல் கேள்வி வரும். வளர்த்தவங்க 25-வது பிரிவுல பிள்ளையை திருப்பி ஒப்படைக்கச் சொல்லி கேட்பாங்க. பெத்தவங்க தங்களை கார்டியனா நியமிக்கச் சொல்லி கேட்கலாம், ஆனா 19-வது பிரிவு குறுக்க நிக்கும், உயிரோட இருக்கிற அப்பா அம்மா தகுதி இல்லாதவங்கன்னு கோர்ட்டுக்கு தோணினா ஒழிய வேற கார்டியனை நியமிக்க முடியாது, இங்க அப்பா அம்மான்னா வளர்த்தவங்க. அதனால வெறும் "நான் பெத்தவ"ன்னு சொல்லி ஜெயிக்க முடியாது, டிஎன்ஏ டெஸ்ட் கேட்டும் புண்ணியம் இல்ல, யார் பெத்ததுன்னு இங்க சண்டையே இல்லையே. அடிச்சாங்க, படிப்பை நிறுத்தினாங்க, வீட்டு வேலைக்கு வச்சுக்கிட்டாங்கன்னு ஏதாவது உண்மையா இருந்தா அதுக்கான ஆதாரம், ஸ்கூல் அட்டெண்டன்ஸ், டாக்டர் சீட்டு, பக்கத்து வீட்டுக்காரங்க, இதுதான் பேசும்.

பிள்ளை பேச்சுக்கு மதிப்பு உண்டா? உண்டு. யோசிச்சு சொல்ற வயசு வந்த பிள்ளையோட விருப்பத்தை கோர்ட் கணக்குல எடுக்கலாம்னு 17-வது பிரிவுல இருக்கு, இந்துக்களுக்கான மைனர், கார்டியன் சட்டத்துலயும் பிள்ளை நலன்தான் முதல்னு 13-வது பிரிவு. நடைமுறைல நீதிபதி பிள்ளையை சேம்பருக்கு தனியா கூப்பிடுவார், வக்கீல் கிடையாது, அம்மா கிடையாது, ஒரு சாக்லேட்டோ தண்ணி பாட்டிலோ முன்னாடி இருக்கும், ஸ்கூல்ல எந்த பாடம் பிடிக்கும்னு ஆரம்பிச்சு மெதுவா விஷயத்துக்கு வருவார். வீட்ல சொல்லிக் குடுத்து அனுப்பின பிள்ளை ரெண்டாவது கேள்விலயே தெரிஞ்சுடும், "அவங்க என்னை மன உளைச்சலுக்கு ஆளாக்கினாங்க"ன்னு 14 வயசுப் பையன் பேச மாட்டான் சார், அது மனுவுல இருக்கிற வரி. தயவுசெஞ்சு ஒண்ணும் சொல்லிக் குடுக்காதீங்க. 17 வயசுப் பிள்ளை அமைதியா காரணம் சொல்லி இங்கதான் இருப்பேன்னு சொன்னா அதை மீறி அனுப்ப பொதுவா யாரும் விரும்ப மாட்டாங்க, ஆனா விருப்பமும் நலனும் ஒண்ணு இல்ல, இந்த வீட்ல செல்போன் குடுக்கிறாங்க அந்த வீட்ல குடுக்கலைங்கிறதுக்காக வந்த பிள்ளையை திருப்பி அனுப்பவும் செய்வாங்க.

கேஸ் முடியுறதுக்குள்ள பிள்ளைக்கு 18 ஆயிடும்ங்கிறது நிஜமான கவலை, அதனால மெயின் மனுவோட சேர்த்தே இடைக்கால கஸ்டடிக்கும் பார்க்க வர்ற உரிமைக்கும் அந்த 1890 சட்டத்தோட 12-வது பிரிவுல மனு போட்டுடணும். அவசரம்னா பிள்ளையை கோர்ட் முன்னாடி கொண்டு வரச் சொல்லி ஹைகோர்ட்ல ஆட்கொணர்வு மனு, சென்னைலயோ மதுரைக் கிளைலயோ. கஸ்டடி விஷயத்துலயும் இந்த மனு நிக்கும், வச்சிருக்கிறவங்களுக்கு சட்டப்படி உரிமை இல்லைன்னா கேட்கலாம்னு 2019-ல தேஜஸ்வினி கவுட் வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. வளர்த்தவங்களுக்கு இது பலமான ஆயுதம், பெத்தவங்க இதை எதிர்பார்த்து மேல சொன்ன சிஎஸ்ஆர், வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போட்டு வச்சுக்கணும்.

வளர்த்தவங்க ரெண்டு பேருமே இறந்துட்டாங்கன்னா? பெத்தவங்க தானா கார்டியன் ஆகிட மாட்டாங்க, நிறைய பேர் இதுல ஏமாந்துபோறாங்க. உறவு அறுந்தது அறுந்ததுதான். ஆனா இங்க 19-வது பிரிவு தடை இல்லாததால கார்டியன் மனு சுலபமா நகரும், அதைப் போட்டு ஆர்டர் வாங்கிக்கணும், இல்லாட்டி அவன் பேர்ல வர்ற பணத்தைத் தொட முடியாது. இறந்த அப்பா அரசு வேலைல இருந்தவர்னா வாரிசு சான்றிதழ்ல இவன் பேர் விட்டுப்போகாம இருக்கான்னு தாலுகா ஆபீஸ்ல உடனே பாருங்க, குடும்ப பென்ஷன் அதை வச்சுதான்.

பேப்பர் வேலை

பெத்தவங்க வீட்டுக்கு வந்ததும் ஆதார்ல அப்பா பேரை மாத்தணும், பர்த் சர்டிபிகேட்டை மாத்தணும்னு இ-சேவை மையத்துக்கு ஓடுவாங்க. மாத்தாதீங்க, மாத்தவும் கூடாது, சட்டப்படி அப்பா பேர் மாறலையே. ஆதார்ல முகவரி மட்டும் மாத்தலாம். ரேஷன் கார்டுல அங்க பேர் நீக்கிட்டு இங்க சேர்க்கலாம், அதுக்கு அந்த வீட்டு ஒத்துழைப்பு வேணும், கிடைக்கலைன்னா கோர்ட் ஆர்டர் வர்ற வரைக்கும் விட்டுடுங்க, மாசம் கொஞ்சம் அரிசிக்காக புதுசா ஒரு சண்டை எதுக்கு. டிசி வாங்க பழைய ஸ்கூல்ல வளர்த்தவங்க கையெழுத்து கேட்பாங்க, 8-ம் வகுப்பு வரைக்கும் டிசி தாமதம்ங்கிற காரணத்தை காட்டி சேர்க்கையை மறுக்கக் கூடாதுன்னு கல்வி உரிமைச் சட்டம் இருக்கு, அதுக்கு மேலன்னா சம்மதக் கடிதம் இல்ல குழந்தைகள் நலக் குழு ஆர்டரோட முதன்மைக் கல்வி அலுவலரைப் பாருங்க. 10, 12 பரீட்சை பதிவுல மட்டும் பழைய பேர், பழைய அப்பா பேர் அப்படியே இருக்கட்டும், அரசுத் தேர்வுகள் இயக்ககத்துல மார்க் ஷீட் திருத்தத்துக்கு அலையுற மாதிரி ஒரு அலைச்சல் வேற இல்ல.

சொத்து, செலவு

"அந்த வீட்டுக்குப் போனா ஒரு பைசா கிடையாது"ன்னு வளர்த்த அப்பா மிரட்டுவார். இடம் மாறினதால உரிமை போகாது. உயில் எழுதாம அவர் இறந்தா இவன் முதல் வாரிசுகள்ல ஒருத்தன், பூர்வீக சொத்துலயும் மகனுக்கான பங்கு உண்டு. சுய சம்பாத்தியத்தை அவர் யாருக்கு வேணா எழுதலாம், அந்த அதிகாரம் அவருக்கு எப்பவும் உண்டு, அது சொந்த மகனா இருந்தாலும் அதேதான். அடுத்து, பெத்தவங்க சொத்துல தானா பங்கு வராது, தத்துப் போறதுக்கு முன்னாடியே இவன் பேர்ல சேர்ந்துட்ட சொத்து இருந்தா அது மட்டும் இவனோடது. இப்ப திரும்பி வந்தவனுக்கு ஏதாவது குடுக்கணும்னு பெத்தவங்களுக்கு ஆசைன்னா உயிலோ செட்டில்மெண்ட்டோ எழுதணும், எழுதலைன்னா கூடப்பொறந்தவங்க ஒரு நாள் வாரிசு சான்றிதழ்ல இவன் பேரை விட்டுடுவாங்க, அது சட்டப்படி சரியாவும் இருக்கும்.

படிப்புச் செலவு, சாப்பாட்டுச் செலவு வளர்த்தவங்க பொறுப்புதான், பிள்ளை வேற வீட்ல இருக்குன்னு அது தீர்ந்துபோகாது, ஜீவனாம்சம் கேட்டு குடும்ப நல நீதிமன்றத்துலயோ, அது இல்லாத இடத்துல மாஜிஸ்ட்ரேட் கோர்ட்லயோ மனு போடலாம். போடணுமா வேணாமாங்கிறது உங்க முடிவு, ஆனா கஸ்டடி சண்டை நடக்கும்போது இதையும் போட்டீங்கன்னா "பணத்துக்காகத்தான் பிள்ளையை இழுத்தாங்க"ன்னு எதிர்த்தரப்பு சொல்லும், அதுக்கு பதில் வச்சுக்கிட்டு போடுங்க.

காரா வழியா போன பிள்ளை

இங்க பெத்தவங்க யாருன்னே பிள்ளைக்கு தெரியாது, தெரிஞ்சா அது பெரும்பாலும் இன்ஸ்டாகிராம் புண்ணியம். பிள்ளையை ஒப்படைச்ச அம்மாவுக்கு மனசு மாற 60 நாள் அவகாசம் உண்டு, அது முடிஞ்சு தத்து ஆர்டரும் ஆயிட்டா (2022 செப்டம்பர் 1-க்கு முன்னாடி கோர்ட், இப்ப மாவட்ட ஆட்சியர்) பெத்தவங்களுக்கு கஸ்டடி கேட்க உரிமை இல்ல. பிள்ளை தன் வேரைத் தேடணும்னா 2022 தத்தெடுப்பு விதிமுறைகள்ல வழி இருக்கு, 18 ஆனவங்க தனியாவே விண்ணப்பிக்கலாம், அதுக்கு கீழன்னா வளர்த்தவங்களோட சேர்ந்துதான். அம்மா அன்னைக்கு தன் பேர் வெளிய வரக்கூடாதுன்னு கேட்டிருந்தா இன்னைக்கு அவங்க எழுத்துல சம்மதிச்சாத்தான் சொல்லுவாங்க. மூணாம் மனுஷங்க தேட அனுமதியே கிடையாது, யூடியூப் சேனல்ல பிள்ளை போட்டோவைப் போட்டு "தாயைத் தேடும் மகன்"னு வீடியோ போடுறது இளைஞர் நீதிச் சட்டத்தோட 74-வது பிரிவுல மாட்டும், 6 மாசம் வரைக்கும் ஜெயில் இல்ல 2 லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். வளர்த்தவங்க கொஞ்சம் மனசு வச்சு கூட நின்னு விண்ணப்பம் போட்டா இந்த வகைல முக்காவாசி பிரச்னை வீட்டை விட்டு ஓடுற அளவுக்கு போகாது.

முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்கள்ல தனிநபர் சட்டப்படி தத்து இல்ல. வெறும் கார்டியன் ஆர்டர் வாங்கி வளர்த்திருந்தா அதை மாத்தச் சொல்லி அந்தக் கோர்ட்லயே கேட்கலாம், பிள்ளை பெத்தவங்க வாரிசாவேதான் இருக்கும். இளைஞர் நீதிச் சட்டத்துல எடுத்திருந்தா (எந்த மதத்துக்காரங்களும் எடுக்கலாம்னு 2014-ல ஷப்னம் ஹாஷ்மி வழக்குல உறுதியாச்சு) மேல காராவுக்கு சொன்னதுதான்.

வக்கீலுக்கு பணம் இல்லைன்னா மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு ஒவ்வொரு மாவட்ட கோர்ட் வளாகத்துலயும் இருக்கு, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காம இலவசமா வக்கீல் தருவாங்க, 15100-க்கு போன் பண்ணாலும் வழி சொல்லுவாங்க. அங்க நடக்கிற சமரசப் பேச்சுவார்த்தையை லேசா எடுத்துக்காதீங்க, குடும்பத்துக்குள்ள குடுத்த தத்துல கோர்ட் ஹாலை விட அந்த சின்ன ரூம்ல முடியுறதுதான் அதிகம், ஏன்னா அடுத்த மாசம் ரெண்டு வீட்டுக்காரங்களும் ஒரே காதுகுத்துல முகம் பார்க்கணும்.

18 முடிஞ்ச அன்னைக்கு கஸ்டடி கேஸ் எல்லாம் அர்த்தமில்லாம போயிடும், எங்க இருக்கணும்ங்கிறது பிள்ளை முடிவு. தத்து உறவு மட்டும் அப்படியே நிக்கும், கல்யாணப் பேச்சுலயும் பாருங்க, பொறந்த வீட்டு முறைல யாரைக் கட்டக்கூடாதோ அவங்களை தத்துப் போன பிறகும் கட்டக்கூடாது, வளர்த்த வீட்டு முறையும் சேர்ந்துக்கும். இன்னொண்ணு, 2007-ம் வருஷ மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்துல பெற்றோர்ங்கிறதுக்குள்ள பெத்தவங்களும் வர்றாங்க, தத்தெடுத்தவங்களும் வர்றாங்க. அதனால இன்னைக்கு கோபத்துல பையைத் தூக்கிட்டு வந்த பையன் சம்பாதிக்க ஆரம்பிச்ச பிறகு, வளர்த்த அம்மா ஆர்டிஓ (வருவாய் கோட்டாட்சியர்) ஆபீஸ்ல மனு குடுத்தா அவன் போய் பதில் சொல்லித்தான் ஆகணும்.